எதிர்மறைக் கூற்றுகள் நீக்கப்பட்டன

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலேர்ந்து மழை. மேனாம்பேடு ரோடு முழுக்கத் தண்ணி. ஸ்கூட்டியை எடுக்காம பஸ்ல. பூந்தமல்லி போய்ச் சேர்றதுக்குள்ள முட்டி வரைக்கும் சேறு.

போன வேலை: என் பி.எச்டி. சர்வேக்குக் கடைசி ஸ்கூல்ல குடுத்து வச்ச ஃபார்ம்களை வாங்கறது. எங்க ட்ரஸ்ட் ஸ்கூல்தான். நான் ஆவடி தாண்டிப் போய்ப் பாடம் எடுக்கற பி.எட். காலேஜுக்கும் இந்த ஸ்கூலுக்கும் ஒரே கரஸ்பாண்டன்ட் (இனி கரஸ்., முழுசா எழுத கை வலிக்குது). அதனால பர்மிஷன் சுலபம். மத்த ஸ்கூல்ல எல்லாம் வாட்ச்மேன்கிட்டயே பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன்.

கோஆர்டினேட்டர் அம்மா கட்டைக் கட்டி ரெடியா வச்சிருந்தாங்க. "எல்லாரையும் ஸ்டாஃப் ரூம்ல ஒண்ணா உக்கார வச்சு முடிச்சாச்சு மேடம். பத்து நிமிஷம்." நாப்பது கேள்வி, பத்து நிமிஷம். சரிம்மா. "கரஸ்பாண்டன்ட் சாரும் ஒரு தடவை புரட்டிப் பாத்துட்டுதான் குடுத்தாரு."

பாத்தா பாக்கட்டும். கட்டு நனையாம வீடு வரணும், எனக்கு அதுதான் கவலை. ரெண்டு பாலிதீன் கவர் போட்டு மடியில வச்சுக்கிட்டு வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா, "இன்னாம்மா, கொயந்தையா வச்சிகினு கீறே?"ன்னுச்சு. சிரிப்பு வரல.

இந்த மாசக் கடைசிக்குள்ள தீசிஸ் குடுத்தாகணும். இல்லன்னா டிசம்பர்லேர்ந்து "டாக்டரேட் இல்லாதோர்" லிஸ்ட்ல என் பேரு. போன வருஷம் அந்த லிஸ்ட்ல இருந்த ரெண்டு பேரும் ஜூன்ல காலேஜ் திறக்கும்போது இல்ல. யாரும் போகச் சொல்லல. டைம்டேபிள்ல பேர் இல்ல, அவ்ளோதான்.

வாங்க: கொசுவத்தி, துணி சோப்பு, ஏ4 கட்டு ஒண்ணு, தலைவலித் தைலம்.

நவம்பர் 5, புதன்

மழை லீவு. ஃபார்ம் மார்க் போட உக்காந்தேன்.

என் அளவுகோல் பேரு: ஆசிரியர் பணி மனநிறைவு அளவுகோல். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அஞ்சு கட்டம். இடது கோடி "முழுமையாக உடன்படுகிறேன்", வலது கோடி "முற்றிலும் மறுக்கிறேன்". பாதி வாக்கியம் நல்லதா இருக்கும், பாதி கெட்டதா இருக்கும். படிக்காம டிக் அடிக்கறவங்களைப் பிடிக்கத்தான் அந்தக் கெட்டது. கெட்டதுக்கு மட்டும் மார்க்கைத் திருப்பிப் போடணும். பி.எட். பசங்களுக்கு வருஷா வருஷம் நானே நடத்தறது.

முதல் ஃபார்ம்: எல்லாம் இடது கோடி. ரெண்டாவது: எல்லாம் இடது கோடி. மூணு, நாலு, அஞ்சு. மேலேர்ந்து கீழ வரைக்கும் ஸ்கேல் வச்சு இழுத்தாப்புல டிக்.

9: "இப்பணியை விட்டுவிட வேண்டும் என அடிக்கடி எண்ணுகிறேன்." முழுமையாக உடன்படுகிறேன்.
10: "இப்பணி எனக்கு மகிழ்ச்சி அளிக்கிறது." முழுமையாக உடன்படுகிறேன்.
11: "நிர்வாகம் என்னை மரியாதையுடன் நடத்துவதில்லை." முழுமையாக உடன்படுகிறேன்.

அடப் பாவிகளா. யாரோ முன்னாடி நின்னுக்கிட்டு "எல்லாருக்கும் மொதோ கட்டம்"னு சொல்லியிருக்காங்க. ஹாஜர் எடுக்கற மாதிரி. இதுங்க எல்லாம் பரீட்சை ஹால்ல பிள்ளைங்க பக்கத்துப் பேப்பரைப் பாத்தா காதைத் திருகறவங்க.

பொறுமை போய் ஃபார்மை விசிறி எறிஞ்சேன். ஃபேன் காத்துல ரூம் பூரா பறந்துச்சு. நானேதான் குனிஞ்சு பொறுக்கினேன். பொறுக்கும்போது ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருந்துச்சு. டிக் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போயிருக்கு. ஒரு இடத்துல அடிச்சுத் திருத்தியிருக்கு. திருத்தியிருந்தா படிச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

9 உடன்படுகிறேன். 10 மறுக்கிறேன். 11 முழுமையாக உடன்படுகிறேன். நேராப் பாத்தாலும் திருப்பிப் பாத்தாலும் ஒரே ஆள் ஒரே பேச்சு. கடைசியில "வேறு கருத்துகள் இருப்பின்"னு நாலு கோடு விட்டிருப்பேன். இத்தனை ஸ்கூல்ல அதுல எழுதினவங்க அநேகமா யாருமில்ல. இவங்க எழுதியிருக்காங்க, அழகான கையெழுத்து:

"பிள்ளைகள் மதிப்பெண் குறைந்தால் எங்களைக் கேட்பார்கள். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டது நீங்கள்தான் முதல். நன்றி."

நான் எங்கம்மா கேட்டேன். என் வேலை போயிடக் கூடாதுன்னு ஃபார்ம் அடிச்சேன்.

முதல் பக்கம் பாத்தேன். பேர் எழுத வேண்டாம்னு போட்டிருக்கேன், எழுதல. இயற்பியல். வயது 41–50. திருமணமாகாதவர்.

நவம்பர் 6, வியாழன்

ட்ரெயின் லேட். அம்பத்தூர்ல ஏறவே முடியல. ஆவடி வரைக்கும் ஒத்தைக்கால்ல.

பி.எட். முதல் வருஷம், மதிப்பீட்டுப் பாடம். நம்பகத்தன்மை: எத்தனை தடவை அளந்தாலும் ஒரே விடை வருதா. ஏற்புடைமை: எதை அளக்கணுமோ அதைத்தான் அளக்குதா. உதாரணத்துக்கு வழக்கம்போல மீன்காரம்மா தராசு. எப்பப் போட்டாலும் நூறு கிராம் கூடக் காட்டும். நம்பகமான தராசு, ஏற்புடையது இல்ல. எல்லாம் சிரிச்சுதுங்க.

பின் பெஞ்சுல ஒரு பொண்ணு எழுந்து, "மேடம், அப்படிப்பட்ட டூலை வச்சு யாராவது ஆராய்ச்சி பண்ணுவாங்களா?"ன்னு கேட்டுச்சு.

"பண்ணுவாங்க. உக்காரு"ன்னேன்.

கேன்டீன் தக்காளி சாதம் புளிச்சுப் போயிருந்துச்சு. சாயங்காலம் வரைக்கும் நெஞ்செரிச்சல்.

நவம்பர் 7, வெள்ளி

அம்பத்தூர் ஓ.டி., பாஸ்கர் கடை. கீழ ஜெராக்ஸ், மேல ப்ராஜெக்ட் சென்டர். இந்தப் பக்கத்துல பி.எச்டி. பண்றவங்க பாதிப் பேருக்குக் கணக்குப் போடறது பாஸ்கர்தான். என்ன படிச்சிருக்கான்னு யாரும் கேட்டதில்ல. சாஃப்ட்வேர் அவன் சொன்னதைக் கேக்கும்.

எல்லா ஸ்கூல் டேட்டாவையும் ஏத்தி ஆல்ஃபா பாத்தான். கேள்வி எல்லாம் ஒரே பக்கம் பேசுதா, ஆளுக்கொரு பக்கம் இழுக்குதான்னு சொல்ற நம்பர் அது. ஒண்ணுக்குப் பக்கத்துல வந்தா மாலை மரியாதை. பாதிக்குக் கீழ போனா தீசிஸ் குப்பை.

"இன்னா மேடம், ஆல்ஃபா படுத்துகினு கீது?"

போன ஸ்கூல் வரைக்கும் நல்லாதானே இருந்துச்சுன்னேன். ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினான். புது ஸ்கூல் சேந்ததும் கெட்ட வாக்கியம் எல்லாம் நல்ல வாக்கியத்தோட மல்லுக்கு நிக்குது. நிக்காம? எல்லாத்துக்கும் மொதோ கட்டம் போட்டா?

"எவ்ளோ வோணும் சொல்லுங்க. ரிவர்ஸ் பண்ணாம உட்டா சும்மா ஜிவ்வுனு ஏறிக்கும். போன வருஷம் ஒரு சாருக்கு அப்டிதான் பண்ணேன். டாக்டர் ஆய்ட்டாரு."

திருப்பாம விட்டா என்ன அர்த்தம்? "வேலையை விடணும்னு தோணுது"ன்னு சொன்னவங்களுக்கும் மனநிறைவுல அஞ்சுக்கு அஞ்சு. கத்தினேன். கீழ ஜெராக்ஸ் எடுக்கறவங்க எல்லாம் நிமிந்து பாத்தாங்க.

"கோவப்படாதீங்க மேடம். டீ சொல்லட்டா?"

அந்த ஸ்கூலையே தூக்கிடலாமான்னு கேட்டேன். தூக்கினா சாம்பிள் குறையுதாம். கைடைக் கேளுங்கன்னுட்டான்.

வீட்டுக்காரர் பிரபு ஆபீஸ்லேர்ந்து வந்ததும் பொலம்பினேன். அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு ஐ.டி. கம்பெனில வேலை. "எங்களுக்கும் வருஷா வருஷம் வரும். ஹேப்பியா இருக்கீங்களான்னு. பேர் வேணாம்பாங்க, ஆனா லாகின் பண்ணாதான் திறக்கும். நான் எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுட்டு வேலையப் பாப்பேன்"னார். "உண்மையச் சொன்னா என்ன?"ன்னேன். என்னை ஒரு பார்வை பாத்துட்டு தோசைக்குச் சட்னி கேட்டார்.

நவம்பர் 8, சனி

வெயில் எட்டிப் பாத்துச்சு. மூணு நாள் துணியை மாடியில போட்டேன். போட்டுட்டு இறங்கும்போது போன். தெரியாத நம்பர்.

"சுமதி மேடமா? என் பேரு கலாவதி. பூந்தமல்லி ஸ்கூல்ல ஃபிசிக்ஸ். உங்க ஃபார்ம்ல நம்பர் இருந்துச்சு."

மாடிப்படியிலயே உக்காந்துட்டேன்.

நிதானமாப் பேசினாங்க, பாடம் எடுக்கற மாதிரி. கோஆர்டினேட்டர் கூப்பிட்டு, கலா இது நீங்கதானேன்னு கேட்டாங்களாம். ஆமான்னுட்டாங்களாம். "இல்லன்னு எப்படிச் சொல்றது மேடம்? இந்த ஸ்கூல்ல ஃபிசிக்ஸுக்கு ரெண்டே பேரு. இன்னொரு பொண்ணுக்கு இப்பதான் கல்யாணம் ஆச்சு. நீங்க பேர் ஒண்ணைத்தான் மேடம் கேக்கல. மத்ததெல்லாம் கேட்டிருந்தீங்க."

ஆமா, கேட்டேன்தான். வயசுப்படி ஒரு டேபிள், பாடப்படி ஒரு டேபிள், கல்யாணம் ஆனவங்க ஆகாதவங்கன்னு ஒரு டேபிள். வித்தியாசம் இருக்கா இல்லையான்னு பாக்கணுமாம். இந்த டேபிள் எல்லாம் இல்லன்னா தீசிஸ் மெலிசாத் தெரியும்பாரு கைடு சார். அதுக்குத்தான் ஒரு மனுஷியைக் கட்டம் கட்டி அடையாளம் காட்டிக் குடுத்துட்டேன். முதல் பக்கத்துல தடிமனா அச்சடிச்சிருக்கேன் வேற: தங்கள் விடைகள் இரகசியமாக வைக்கப்படும்.

"மத்தவங்க எல்லாம் மொதோ கட்டத்துல போட்டாங்களே, நீங்க ஏன் போடல?"ன்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவங்க, "கேள்வி நல்லா இருந்துச்சு மேடம். படிச்சேன். படிச்சதுக்கப்புறம் எப்படி மாத்திப் போடறது?"

புதன்கிழமை கரஸ். கூப்பிட்டிருக்காராம். "நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. இது ஆராய்ச்சிக்கு மட்டும்தான், இதை வச்சு யாரையும் எதுவும் கேக்கக் கூடாதுன்னு. நீங்க சொன்னா கேப்பாரு. வருஷ நடுவுல என்னை யாரு எடுப்பாங்க? இந்த வயசுல?"

வரேன்னேன். சொன்னப்புறம்தான் உறைச்சுது. அந்த ஆள்தானே எனக்கும் கரஸ்.

துணி எடுக்க மறந்து மறுபடி நனைஞ்சுது.

நவம்பர் 10, திங்கள்

கைடு சார் வீடு. முழங்கால் வலியாம், ஸ்டூல்ல காலை நீட்டி வச்சுக்கிட்டுதான் பேசினார். பாஸ்கர் பிரிண்ட்டைக் காட்டினேன்.

மூக்குக் கண்ணாடியை ஏத்திப் பாத்துட்டு, "இந்த எதிர்மறைக் கூற்றுதான்மா தொல்லை. எடுத்துடு"ன்னார்.

"எல்லாத்தையுமா சார்?"

"எல்லாத்தையும். தெளிவின்மை காரணமாக நீக்கப்பட்டனன்னு ஒரு வரி எழுது. இருபது கூற்று போதும், தாராளம்."

சார், நல்லதை மட்டும் கேட்டா நல்லதுதானே வரும்னேன். என் குரலே எனக்குப் பிடிக்கல, சின்னப் பிள்ளை மாதிரி.

"சுமதி, உனக்கு டாக்டரேட் வேணுமா, சண்டை வேணுமா?"

கலாவதி ஃபார்மையும் காட்டினேன். விஷயத்தையும் சொன்னேன். "ஐயோ பாவம்"னார், உண்மையாவே. அப்புறம் ஃபார்மைப் பாத்தார். "இது கூட்டத்துல ஒட்டல. அவுட்லையர். இது ஒண்ணு ஆவரேஜை இழுக்கும். தூக்கிடு." அவுட்லையர்னா மத்த எல்லாத்துக்கும் ரொம்பத் தள்ளி நிக்கற ஒத்தை ஆள். புள்ளியியல்ல அதைத் தூக்க விதி எல்லாம் இருக்கு. இதுக்கு அந்த விதி பொருந்துதான்னு சாரும் பாக்கல, நானும் கேக்கல.

மாமி சுண்டல் குடுத்தாங்க. சாப்பிட்டேன். நல்லாவும் இருந்துச்சு.

நவம்பர் 12, புதன்

எழுதவே கை வரல. எழுதிடறேன்.

கரஸ். ரூம். ஏ.சி. பல்லு கிட்டிக்கிற மாதிரி. டீ, பிஸ்கட். எனக்கு நாற்காலி. கலாவதி நின்னுக்கிட்டு இருந்தாங்க. இப்பதான் முகம் பாக்கறேன். குள்ளம், பருத்திப் புடவை, கைவிரல்ல சாக்பீஸ். யாரும் அவங்களை உக்காரச் சொல்லல. நானும்.

அவங்க ஃபார்மோட ஜெராக்ஸ் மேஜை மேல. கட்டைக் குடுக்கறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சிருக்கான் மனுஷன்.

கரஸ். கத்தல. கத்தியிருந்தா பரவால்ல. "மேடம், நான் கணக்குப் படிச்சவன் இல்ல. நீங்க இதுலயே டாக்டர் ஆகப் போறவங்க. எங்க ஸ்டாஃப் எல்லாரும் ஒரே கோடா டிக் போட்டிருக்காங்க. இது மட்டும் அங்கயும் இங்கயும் கோணல்மாணலா போகுது. எது சரி? நீங்களே சொல்லுங்க."

அந்த ஆள் ஒரு வாக்கியத்தைக்கூடப் படிக்கல. டிக் எந்தப் பக்கம்னு மட்டும்தான் பாத்திருக்கான். உங்க ஸ்டாஃப் மொத்தப் பேரும் வேலையை விட்டு ஓடணும்னு முழுமையா உடன்பட்டிருக்காங்க சார், உங்களுக்கு மரியாதை தெரியாதுன்னு கையெழுத்துப் போடாத குறையா சொல்லியிருக்காங்க சார். தொண்டை வரைக்கும் வந்துச்சு. சொல்லியிருந்தா அத்தனை பேருக்கும் ஆபத்துன்னு இப்ப ஒரு சமாதானம் சொல்லிக்கறேன். அப்ப அது தோணவே இல்ல. அப்ப டைம்டேபிள்தான் கண்ணுல தெரிஞ்சுது, என் பேர் இல்லாத டைம்டேபிள்.

"இது ரகசியம் சார். ஆராய்ச்சிக்கு மட்டும்தான்"னேன். அது வரைக்கும் சரியாத்தான் சொன்னேன்.

"அது சரி மேடம். நான் கேட்டதுக்குப் பதில்?"

அந்த ஃபார்மே கணக்குல இல்லன்னு ஆக்கிட்டா விஷயமே இல்லாமப் போயிடும்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன். அவங்களைக் காப்பாத்தறதா நெனச்சுக்கிட்டு வாயைத் திறந்தேன்.

"அது அவுட்லையர் சார். ஒண்ணு ரெண்டு அப்படி வரும். நாங்க நீக்கிடுவோம்."

"அப்படின்னா?"

"மத்தவங்களோட ஒட்டாதது சார்."

தலையாட்டினார், சந்தோஷமா. கலாவதி பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா டீச்சர்? நான் சொல்லல. படிச்சவங்க, உங்களை யாருன்னே தெரியாதவங்க, கணக்குப் போட்டுச் சொல்றாங்க. நீங்க எங்களோட ஒட்டல. ஒட்டாத இடத்துல எதுக்குக் கஷ்டப்படணும்? ப்ளஸ் டூ போர்ஷனை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுக் கிளம்புங்க. அரையாண்டோட சரி."

சார் நான் அந்த அர்த்தத்துலன்னு ஆரம்பிச்சேன். "டீ ஆறிடும் மேடம்"னார்.

கலாவதி என்னைப் பாத்தாங்க. திட்டற பார்வை இல்ல. போர்டுல சுலபமான கணக்கைத் தப்பாப் போட்ட பொண்ணைப் பாக்கற மாதிரி. பெல் அடிச்சுது, க்ளாஸ் இருக்கு சார்னுட்டுப் போயிட்டாங்க. வேலையை விட்டு எடுத்த நிமிஷத்துக்கு அடுத்த நிமிஷம் பாடம் எடுக்கப் போறாங்க.

நான் டீயைக் குடிச்சேன். சனியனே, அதையும் குடிச்சேன்.

நவம்பர் 13, வியாழன்

காய்ச்சல் மாதிரி. லீவு போட முடியாது.

பிரபு: "நீ என்ன பண்ணுவ? நீ சொல்லலன்னாலும் எடுத்திருப்பான்." இருக்கலாம். ஆனா என்ன காரணம்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்காது. நான்தான் ஒரு வார்த்தையைக் கையில குடுத்தேன். இங்கிலீஷ் வார்த்தை வேற, கேக்க கௌரவமா இருக்கும்.

கலாவதிக்கு மூணு தடவை போன் போட்டேன். எடுக்கல. எடுத்தா என்ன சொல்லுவேன்னு தெரியாது. எடுக்காததுல ஒரு நிம்மதி. தூ.

நவம்பர் 17, திங்கள்

மழை இல்ல. புழுக்கம். பாஸ்கர் கடை.

எதிர்மறைக் கூற்று இருபதையும் எடுத்தாச்சு. கலாவதி வரிசையை நானே மௌஸ் பிடிச்சு அழிச்சேன். பாஸ்கர் பண்றேன்னான், வேணாம்னுட்டேன். அழிச்சதும் கீழ இருந்தவங்க ஒரு வரி மேல ஏறி வந்தாங்க. இடமே தெரியல.

ஓட்டினான். "பாருங்க மேடம்! கில்லி மாரி நிக்குது. பாயின்ட் ஒம்போதைத் தாண்டிகினு கீது."

நாலு வருஷமா இந்த நம்பருக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். வந்தா பிரியாணி வாங்கித் தரேன்னு பாஸ்கருக்கு ஒரு தடவை சொன்னது ஞாபகம் இருக்கு. அவனுக்கும் ஞாபகம் இருந்துச்சு. "பிரியாணி மேடம்?" இன்னொரு நாள்னேன். "இன்னா மேடம், பாஸாயும் மூஞ்சை இப்டி வச்சிகினு கீறீங்க?"

கூத்து என்னன்னா, சரியாப் பாத்தா நம்பகமா விடை சொன்னது அந்த ஸ்கூல்ல ஒரே ஒரு ஆள். அவங்களை வெளிய தள்ளினதும் என் அளவுகோலுக்கு நம்பகத்தன்மை வந்துடுச்சு. இதை வைவா பரீட்சைல யாராவது கேட்டா என்ன சொல்றதுன்னு பஸ்ல யோசிச்சேன். யாரும் கேக்க மாட்டாங்க. எல்லாரும் இப்படித்தானே வந்தாங்க.

கேஸ் புக் பண்ணணும். மோட்டார் மறுபடி ரிப்பேர், அசோசியேஷன் செக்ரட்டரி போனை எடுக்கல.

நவம்பர் 20, வியாழன்

அஞ்சாவது அத்தியாயம். முடிவுகளும் பரிந்துரைகளும்.

"சுயநிதிப் பள்ளி ஆசிரியர்களின் பணி மனநிறைவு உயர்நிலையில் உள்ளது." எழுதினேன். அடிச்சேன். மறுபடி எழுதினேன். வேற என்ன எழுத? டேபிள் அதைத்தான் சொல்லுது.

"திருமணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை." இருந்துச்சு. ஒரு ஆள் அளவுக்கு இருந்துச்சு.

நன்றியுரையும் இன்னிக்கே. கைடு சாருக்கு ஒரு பத்தி. பிரபுவுக்கு ரெண்டு வரி. "தரவுகள் சேகரிக்கப் பேருள்ளத்துடன் ஒத்துழைப்பு நல்கிய தாளாளர் அவர்களுக்கு." கரஸ். பேருக்கு முன்னாடி என்னென்ன பட்டம் போடணும்னு காலேஜ் ஆபீஸ்ல கேட்டு வாங்கிப் போட்டேன். கடைசியில, வழக்கமா எல்லாரும் போடற வரி: "விடையளித்த ஆசிரியப் பெருமக்கள் அனைவருக்கும்." அனைவருக்கும்ல வந்து நின்னுட்டேன். அந்த ஒரு வார்த்தையைப் பாத்துக்கிட்டே ரொம்ப நேரம். அப்புறம் புள்ளி வச்சேன்.

நவம்பர் 24, திங்கள்

கோஆர்டினேட்டர் அம்மாவை பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். கையில கீரைக்கட்டு. தானாவே வந்து பேசினாங்க.

"கலா சாயங்காலம்கூட ஸ்பெஷல் க்ளாஸ் எடுக்கறா மேடம். அரையாண்டுக்குள்ள முடிக்கணும்ல. பிள்ளைங்களுக்கு இன்னும் சொல்லல. சொன்னா அழும்."

"நீங்கதானே எல்லாரையும் மொதோ கட்டத்துல போடச் சொன்னது?"ன்னேன். குரல் கொஞ்சம் உசந்துடுச்சு. நாலு பேர் திரும்பிப் பாத்தாங்க.

அந்தம்மா கீரையைக் கை மாத்திக்கிட்டாங்க. "ஆமாம் மேடம். யாருக்கும் எதுவும் ஆகக் கூடாதுன்னுதான் சொன்னேன். நீங்க ஃபார்ம் குடுத்துட்டுப் போயிட்டீங்க. நாங்க அங்கதானே இருக்கணும்? கலாகிட்டயும் சொன்னேன். பேனாவை மூடிட்டு உக்காந்திருந்தா. திரும்பிப் பாக்கும்போது எழுதிக்கிட்டு இருந்தா."

பஸ் வந்துடுச்சு, போயிட்டாங்க. எனக்கு அவங்க மேலயும் கோவப்பட முடியல. கோவப்பட ஆளே இல்லாமப் போச்சு, என்னைத் தவிர.

நவம்பர் 28, வெள்ளி

புயல்னு சொன்னாங்க. தூறல்தான்.

குடுத்தாச்சு. அரக்கு பைண்டிங், தங்க எழுத்து. ஆபீஸ்ல முத்திரை குத்தி ரசீது குடுத்தாங்க. கைடு சார் கையெழுத்துப் போட்டுட்டு, "டாக்டர் சுமதி"ன்னார் சிரிச்சுக்கிட்டே. காலேஜ்ல பால்கோவா. கரஸ். போன்ல வாழ்த்து: "நம்ம ஸ்கூல் உங்க புக்குல வருதாமே, ஒரு காப்பி ஸ்கூல் லைப்ரரிக்கும் வேணும் மேடம்." அனுப்பறேன் சார்னேன்.

வீட்டுக்கு வந்து புடவைகூட மாத்தல. கலாவதிகிட்டேர்ந்து போன். இத்தனை நாள் எடுக்காதவங்க.

"மேடம், புக்கு குடுத்துட்டீங்களாமே. ஸ்டாஃப் ரூம்ல சொன்னாங்க. வாழ்த்துகள்."

மன்னிச்சிடுங்கன்னு ஆரம்பிச்சேன். அன்னிக்கு அந்த ரூம்ல நான்னு இழுத்தேன். இடைமறிச்சாங்க.

"அதை விடுங்க மேடம். போர்ஷன் முடிஞ்சுது. ஆவடியில ஒரு ட்யூஷன் சென்டர்ல கேட்டிருக்கேன், பாப்போம். அதுக்குக் கூப்பிடல. அன்னிக்கு நீக்கிடுவோம்னு சொன்னீங்க. எனக்காகத்தான், சாரைச் சமாளிக்கத்தான் சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும். அதான் எதிர்த்து ஒண்ணும் பேசல. நான் எழுதினது புக்குல இருக்குல்ல மேடம்?"

கைல பால்கோவா டப்பா. பிரபு யாருன்னு சைகையில கேக்கறார்.

"இருக்கு"ன்னேன்.

மூச்சு விடற சத்தம் கேட்டுச்சு. "அது போதும். இத்தனை வருஷத்துல ஒரு இடத்துலயாவது இருக்கட்டும். லைப்ரரிக்கு வந்ததும் பாக்கறேன். நான் போறதுக்குள்ள வந்துடும்ல? எந்தப் பக்கம் மேடம்?"

வாயில வந்த நம்பரைச் சொன்னேன். நூத்திப் பன்னெண்டு.

"இருங்க, எழுதிக்கறேன்"னாங்க.